இருநூற்றுப் பதின்மூன்றாவது வாக்குச் சீட்டு

அனுப்புநர்:
இனோக் டன்வுடி, வயது 68,
படகோட்டி, மேல் துறை,
ஹார்ட்டர்ஸ் பெண்ட், பென்சில்வேனியா.

பெறுநர்:
உயர்திரு ஷெரிஃப் அவர்கள்,
மாவட்ட நீதிமன்றக் கட்டடம்.

பொருள்: 1796 நவம்பர் 4, வெள்ளிக்கிழமை நடந்த தேர்தலில், என் கையால் எழுதிய வாக்குச் சீட்டைப் பெட்டியில் போட மறுத்தது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முப்பத்தோர் ஆண்டுகளாக மேல் துறையில் சஸ்குவெஹானா ஆற்றின் குறுக்கே படகு விடுகிறேன். வரி செலுத்துபவன், வாக்குரிமை உள்ளவன். இந்த மனுவை நானே எழுதுகிறேன். சென்ற குளிர்காலம் வரை, கையெழுத்துக் கேட்ட இடங்களில் எல்லாம் சிலுவைக் குறிதான் போட்டேன். ஆறு உறைந்து படகு கரையேறிக் கிடந்த மூன்று மாதங்களில், என் மருமகள் ஹெஸ்தர் படகின் பலகையிலேயே கரித்துண்டால் எழுதிக்காட்டி எனக்கு எழுத்துகளைக் கற்பித்தாள். இது புகாருக்குத் தேவையற்ற செய்தி என்று அவளே சொல்கிறாள். ஆயினும் எழுதிவிட்டேன். அடித்து நீக்க மனம் வரவில்லை.

2. நாட்டுத் தலைவரைத் தேர்வு செய்யப்போகும் பதினைந்து தேர்வாளர்களின் பெயர்களை வாக்காளர் சீட்டில் எழுதித் தர வேண்டும் என்பதும், அச்சடித்த சீட்டு செல்லாது, கையால் எழுதியதே செல்லும் என்பதும் தாங்கள் அறிந்ததே. கூட்டாட்சிக் கட்சியார் பதினைந்து பேரை நிறுத்தினார்கள். குடியரசுக் கட்சியார் வேறு பதினைந்து பேரை நிறுத்தினார்கள். இரு கட்சியாரும் ஆள் வைத்து ஆயிரக்கணக்கில் சீட்டு எழுதி, வீடு வீடாகக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் அநேகர் அவற்றைப் பிரித்தும் பார்க்காமல் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவை அனைத்தும் பெட்டிக்குள் போயின.

3. நான் அந்தச் சீட்டுகளை வாங்கவில்லை. இரு கட்சிப் பட்டியல்களும் செய்தித்தாளில் வந்தன. முப்பது பெயர்களையும் நானே வாசித்தேன். அவர்களில் பத்தொன்பது பேர் என் படகில் ஏறியவர்கள். மற்றவர்களைப் பற்றி, அவர்கள் ஊர்ப்பக்கமிருந்து வந்த பயணிகளிடம் விசாரித்தேன். வெள்ளம் ஏறியபோது கோட்டைக் கழற்றிவிட்டு என்னோடு கயிறு பிடித்தவர் யார், பிள்ளைத்தாய்ச்சிக்கு இடம் விடாமல் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் யார் என்பது எனக்குத் தெரியும். அவ்வாறு பதினைந்து பேரைத் தேர்ந்தேன். கடையில் சர்க்கரைக் கூம்பைச் சுற்றிக் கொடுத்த நீலத்தாளில் ஒன்பது நாட்களில் எழுதி முடித்தேன். என் எழுத்து கட்டைவிரல் அளவு இருக்கும். அதைவிடச் சிறிதாக எழுத இன்னும் வரவில்லை.

4. தேர்தல் நாளன்று காலை பத்து மணிக்குச் சாவடிக்குச் சென்றேன். சீட்டுகளை வாங்க இரு மேற்பார்வையாளர்கள் அமர்ந்திருந்தனர். ஒருவர் கூட்டாட்சிக் கட்சியைச் சேர்ந்த திரு. ஆசா பிரிங்கிள். மற்றவர் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த திரு. மத்தியாஸ் கைம். பிரிங்கிளின் தங்கையைத்தான் கைம் மணந்திருக்கிறார். இங்கிலாந்தோடு செய்த உடன்படிக்கை பற்றிச் சென்ற ஆண்டு சண்டையிட்டது முதல் பதினான்கு மாதங்களாக இருவரும் பேசுவதில்லை. ஒருவர் படகில் இருந்தால் மற்றவர் ஏறுவதில்லை. இதனால் ஞாயிறுதோறும் தேவாலயத்துக்கு ஒரே குடும்பத்தை நான் இரண்டு நடையாக ஏற்றிச் செல்கிறேன்.

5. வாக்காளர் பட்டியலில் என் பெயரை அவர்கள் குறித்துக்கொண்ட பின்பு சீட்டை நீட்டினேன். எட்டாக மடித்திருந்தும் அது பெட்டியின் வாய்க்குள் நுழையவில்லை. அப்போது திரு. பிரிங்கிள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “யோவ் இனோக்கு, இது ஓட்டாய்யா, பாய்மரமா? பெட்டிய ஆத்துல விடப்போறியா?” சாவடியில் இருந்த அனைவரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். சிறிதாக மடித்துத் தருவதாகச் சொல்லி அவர் அதைப் பிரித்தார். பிரித்தவர் வாசித்தார். வாசித்துவிட்டுக் கைமிடம் தள்ளினார்.

6. எட்டுப் பெயர் ஒரு கட்சி, ஏழு பெயர் மறு கட்சி என்றார்கள். நான் அப்படி எண்ணிப் பார்க்கவில்லை. அவர்கள்தான் விரல் விட்டு எண்ணிச் சொன்னார்கள். “ரெண்டு வீட்டுக் கஞ்சியையும் ஒரே சட்டியில ஊத்தியிருக்கீரே, பெரியவரே! நீர் எந்தப் பக்கம்?” என்று திரு. கைம் கேட்டார். ஆற்றுக்கு இரண்டு கரை உண்டு, நான் இரண்டுக்கும் போகிறவன் என்றேன். இருவரும் தத்தம் சட்டைப்பையிலிருந்து ஆளுக்கொரு தயார்ச் சீட்டை எடுத்து என் முன் வைத்தார்கள். எதையாவது ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். மறுத்தேன்.

7. அப்போதுதான் அது நடந்தது. திரு. கைம், “மச்சான், இது செல்லாதுதானே?” என்று கேட்டார். “செல்லாது மாப்ள,” என்றார் திரு. பிரிங்கிள். பதினான்கு மாதங்களுக்குப் பின் அவர்கள் பேசிய முதல் பேச்சு அது. என் சீட்டு என் கையில் திரும்பி வந்தது.

8. ஐயா, அவர்கள் சமாதானம் ஆனதில் எனக்கு வருத்தமில்லை. அதற்கு என் வாக்குத்தானா கிடைத்தது என்பதே என் மனக்குறை. எழுதத் தெரியாத காலத்தில், எவரோ எழுதிய சீட்டை வாசிக்காமல் போட்டேன். அது செல்லுபடியாயிற்று. இப்போது வாசித்து, யோசித்து, என் கையால் எழுதியது செல்லவில்லை. கலந்து எழுதக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. ஹெஸ்தரும் நானும் இரண்டு முறை வாசித்துப் பார்த்தோம். ஒன்பதாவது பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருப்பது உண்மை. அதற்காக மன்னிப்புக் கோருகிறேன். ஆனால் முப்பது பேரில் அந்தப் பெயருக்கு உரியவர் அவர் ஒருவரே.

9. எங்கள் ஊர் வாக்காளர் பட்டியலில் வாக்களித்தோர் என்று குறிக்கப்பட்டவர்கள் இருநூற்றுப் பதின்மூன்று பேர். பெட்டியில் இருந்தவை இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள். இரண்டு எண்களும் சாவடிக் கதவில் ஒட்டியுள்ளன. நானே வாசித்தேன். குறையும் ஒன்று இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

10. ஆகவே, தேர்வாளர்கள் கூடும் டிசம்பர் ஏழாம் தேதிக்கு முன் இச்சீட்டைக் கணக்கில் சேர்க்க உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். ஒருவேளை தாங்களும் மறுப்பதாக இருந்தால், ஆள் மூலம் சொல்லி அனுப்ப வேண்டாம். காரணத்தைத் தாளில் எழுதி, கையொப்பமிட்டு அனுப்புங்கள். நானே வாசித்துக்கொள்வேன். வாசித்த பின் பதிலும் எழுதுவேன்.

இணைப்பு: நீலத்தாள் ஒன்று. தயவுசெய்து பெரிய மேசையில் வைத்துப் பிரிக்கவும்.

இடம்: ஹார்ட்டர்ஸ் பெண்ட்
நாள்: 14 நவம்பர் 1796

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
இனோக் டன்வுடி
(குறி அல்ல, கையொப்பம்)