ஆக்ஸிலேட்டர் நடுவில்

நல்லூர், திருப்பூர்
வியாழக்கிழமை

ஃபைஸின் அத்தாவுக்கு சைதுன்னிசாவின் சலாம்.

மிலானில் குளிர் எப்படி இருக்கிறது? ஸ்வெட்டரைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு நடுங்கிக்கொண்டிருப்பீர்கள், எனக்குத் தெரியாதா! சின்னவள் நிதாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. போனில் கார் பேச்சை எடுத்தாலே மீட்டிங் என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் சாம்பிள் கொண்டுவரும் மேனேஜர் சண்முகவேலிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முழுசாகப் படியுங்கள்.

நம் பனியன் வாங்கும் இத்தாலி பையருக்கும் ஜெர்மன் பையருக்கும், உலகப் போருக்கு முந்தைய கார்களில் யார் நாட்டுக் கார் உசத்தி என்று வாக்குவாதமாம். இருவரையும் இங்கே கூட்டிவந்து, அடுத்த ஞாயிறு அமராவதி நகர் ரோட்டில் நம் இரண்டு பழைய கார்களையும் சேர்த்து ஓட்டிக் காட்டப் போகிறீர்களாம். ஜெர்மன் பிஎம்டபிள்யூவில் நீங்கள், இத்தாலி ஆல்ஃபா ரோமியோவில் ஃபைஸ். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அழகில் குறை சொல்ல மாட்டேன். இத்தாலி வண்டியைக் கிளப்பினால் தெருவே திரும்பிப் பார்க்கிறது. ஜெர்மன் வண்டி அடக்கம், சொன்ன பேச்சைக் கேட்கும். ஆனால் ஜெர்மன் வண்டியில் எல்லாக் காரையும் போல நடுவில் பிரேக். இத்தாலி வண்டியில் நடுவில் ஆக்ஸிலேட்டர், வலது ஓரத்தில் பிரேக். "ஓவர்லாக் தையல் மிஷின் அடிச்ச காலுக்கு இதெல்லாம் தானா வரும்" என்று சிரித்தீர்கள். அடித்தது நீங்களும் நானும். ஃபைஸ் ஒரு நாள்கூட மிஷினில் உட்கார்ந்ததில்லை. நாம்தான் உட்கார விடவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து, குடோன் வாசலில் ஜெர்மன் வண்டியை ஓட்டிப் பார்த்தான். இறங்கின கையோடு இத்தாலி வண்டியில் ஏறினான். துணி ரோல் ஏற்றிய தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு நம் குடோனில் வேலை செய்யும் குப்பாயி அக்கா குறுக்கே வந்தார். பிரேக் என்று நினைத்து நடுவில் மிதித்துவிட்டான். வண்டி பாய்ந்தது. அக்கா தள்ளுவண்டியை விட்டுவிட்டுத் தாவிவிட்டார். கார் பனியன் வேஸ்ட் மூட்டைகளுக்குள் போய்ச் சொருகி நின்றது. மூட்டைக்குப் பின்னால் சுவர். அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்கம்மா, தம்பிக்கு ஒண்ணும் ஆகலீங்களே?" என்றுதான் கேட்டார்.

உங்களிடம் சொல்லக்கூடாது என்று ஃபைஸ் என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஓட்ட மாட்டேன்னு சொன்னா அத்தா முகம் வாடிரும்மா" என்றான். தினமும் கதவைத் திறந்துவைத்து இரண்டு வண்டியிலும் மாறி மாறி உட்கார்ந்து காலைப் பழக்கிக்கொண்டிருக்கிறான். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், இத்தாலி வண்டியிலும் பிரேக்குக்கு இன்னமும் கால் நடுவுக்குத்தான் போகிறது.

எனக்குப் பயமாக இருக்கிறதுங்க. அந்த ரோட்டில் ஆடு மாடு வரும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரும். நான் தடுத்தால் நிற்க மாட்டான். நீங்கள் வேண்டாம் என்றால்தான் நிற்பான்.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாக வீடு சேர்க்கட்டும். இத்தாலி வண்டி ரிப்பேர், ஓடாது என்று பையர்களிடம் ஒரு பொய் சொல்லிவிடுங்கள். அந்தப் பொய்க்கு அல்லாஹ்விடம் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள்
சைதுன்னிசா