ஏழும் எட்டும் இல்லாத பட்டியல்

பிப்ரவரி 3, திங்கள்

இன்று ஆபீஸில் எனக்குக் கைதட்டல். கிச்சாவின் முகம் போன போக்கை ஒரு போட்டோ எடுத்து வைத்திருக்கலாம்.

சாந்தோமில் ஒரு மாடியில் நிற்கும் எங்கள் செல்போன் டவர் சிக்னலை மொத்தமாகக் கொட்டாது. எட்டு டார்ச் லைட் மாதிரி எட்டு பீமாகப் பிரித்து அடிக்கும். போன் ஒரு பீமைத் தவறவிட்டால், டவர் கொடுத்து வைத்திருக்கும் பட்டியலைப் பார்த்து வேறொன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பேசுகிறவருக்கே தெரியக் கூடாது. பட்டியலில் இல்லாத பீம் எதிரிலேயே நின்றாலும் பிடிக்காது, கால் கட். பட்டியல் சின்னதாக இருந்தால் தேடுவது சீக்கிரம் முடியும் என்று வேண்டாத இரண்டை நான் தூக்கிவிட்டேன். ஒரு வாரமாகக் கடற்கரை லூப் ரோடில் காரில் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ஒரு கால்கூட அறுபடவில்லை.

"இந்தப் பொண்ணைப் பாத்துக் கத்துக்கய்யா" என்று மேனேஜர் ராஜரத்தினம் சார் கிச்சாவிடம் சொன்னார். எனக்கு இரண்டு வருஷம் சீனியர் அவன். அல்வா சாப்பிட்ட மாதிரி இருந்தது. 14-ம் தேதி ஆறு மாத புரொபேஷன் முடிகிறது, வேலை நிரந்தரம். அப்பாவிடம் இப்போதே சொல்லிவிட்டேன். குப்பம் முழுக்க அவர் சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 5, புதன்

பல்கூடத் தேய்க்கவில்லை, பக்கத்து வீட்டுப் பச்சையம்மா அக்கா வாசலில். அப்பா படகு மீனைக் கரையில் விற்பது அவள்தான். திரும்பி வரும்போதே அப்பா போனில் என்ன மீன் என்று சொல்லிவிடுவார், அவள் ஆள் சேர்த்து வைப்பாள். இன்றைக்கு "வஞ்சிரம்" என்றதும் கட். பதினைந்து பேரை நிறுத்தி வைத்திருக்கிறாள். அறுந்துபோன மிச்சம், "ஒண்ணுகூட இல்ல."

"இன்னாடி ஜாஸ்மினு, உன் டவர்தான கீது? ஒரு வாரமா படகைத் திருப்புனா போன் செத்துப்பூடுது."

சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆன்டெனாவைப் போன மாதம் சாய்த்தது கிச்சா என்று ஒருவன், அவன் கைவரிசையாக இருக்கும் என்று போட்டுக் கொடுத்தேன். பெயரை இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள்.

பிப்ரவரி 6, வியாழன்

அக்கா கஸ்டமர் கேருக்குப் பதினோரு தடவை போன் போட்டிருக்கிறாள். புகாரில் கிச்சா பெயர் இருக்கிறது. நாங்கள் இருவரும் படகிலேயே போய்ச் சோதிக்க வேண்டும் என்று சார் உத்தரவு.

பிப்ரவரி 8, சனி

கிச்சா வீடு மந்தைவெளி. கடலிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் பிறந்ததிலிருந்து படகில் கால் வைத்ததில்லையாம். ஐந்தாவது நிமிஷமே வாந்தி. அப்பா அவன் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "தூரமா பாரு தம்பி, சரியாப்பூடும்" என்றார். நான் வேண்டுமென்றே லேப்டாப்பை அவன் மடியில் வைத்தேன். இதெல்லாம் ஜாலியாகத்தான் இருந்தது.

அப்பா படகைத் திருப்பினார். கால் கட். மறுபடியும் திருப்பினார். மறுபடியும் கட். கிச்சா வாயைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தான்.

"ஆறாவது பீம் போயிடறது. ஏழு நன்னா வந்துண்டிருக்கு, ஆனா போன் தொடமாட்டேங்கறது. லிஸ்ட்ல ஏழும் எட்டும் இல்லையே. யார் எடுத்தா?"

"தெரியல" என்றேன்.

தெரியல! எப்படி வந்தது அந்த வார்த்தை? எடுத்தது நான். கடல் பக்கம் போகும் பீம்கள்தானே என்று எடுத்தேன். அப்பா படகில் உட்கார்ந்துகொண்டு, அப்பாவுக்கு எதிரிலேயே... சீ.

பிப்ரவரி 9, ஞாயிறு

சர்ச் பூசையில் 'என் பாவமே' என்று மூன்று தடவை மார்பில் தட்டும்போது ஏழு, எட்டு, ஏழு என்றுதான் மனதில் ஓடியது.

பிப்ரவரி 10, திங்கள்

காலையிலேயே பட்டியலைச் சரி செய்தாகிவிட்டது. சார் பழையதைக் கையில் வைத்துக்கொண்டு கிச்சாவைப் பிடித்தார். சரிபார்த்ததாகக் கீழே இருப்பது அவன் கையெழுத்து. அவன் வாயே திறக்கவில்லை. நான் சும்மா இருந்தால் போதும். நாலே நாள், கடிதம் வந்துவிடும். பச்சையம்மா அக்காவிடம் அவனைப் போட்டுக் கொடுத்தபோது இருந்த துடுக்கு எங்கே போனது? சாரின் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

"சார், அது நான் போட்ட பட்டியல். சனிக்கிழமையே தெரியும். சொல்லல."

சார் 'நீக்கக் காரணம்' என்ற கட்டத்தில் நான் எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தார்: "கடல் பரப்பு. ஆட்கள் இல்லை." பிறகு நான் எந்த ஏரியா என்று கேட்டார். நொச்சிக்குப்பம் என்றேன். புரொபேஷன் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பு. தப்புக்கு ஒரு மாதம், மறைத்ததற்கு இரண்டு மாதமாம்.

வெளியே வந்து கிச்சாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு அன்றைக்கே தெரியுமாம். "வாந்தி எடுத்தது வயிறுதானே, கண் இல்லையே" என்றான். அப்புறம் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "பாக்காம கையெழுத்துப் போட்டது நான்தானே" என்றான். சமோசா அவன்தான் வாங்கிக் கொடுத்தான். அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

பிப்ரவரி 12, புதன்

அப்பா கடலிலிருந்து போன் செய்தார். படகு திரும்பும் சத்தம் கேட்டது, கால் அறுபடவில்லை. இன்றைக்காவது அறுபட்டால் தேவலை என்று இருந்தது. வேலை நிரந்தரமாகவில்லை என்றேன், ஏன் என்பதையும் சொன்னேன். கடலில் ஆளில்லை என்று எழுதியதையும் சேர்த்து.

"சரி, வல இழுக்கணும்" என்றார். போனைக் கட் பண்ணத் தெரியாமல் அப்படியே சட்டைப் பையில் போட்டிருக்கிறார். மோட்டார் சத்தம், தண்ணீர்ச் சத்தம். இன்னா நைனா, பொண்ணுக்கு வேல ஆயிடுச்சா என்று கூட இருந்தவர் கேட்டார்.

"ஆவல. தப்பு பண்ணிட்டு அவளே போய் ஒத்துக்கினா" என்றார் அப்பா. "எங்க வூட்ல தப்பு பண்ணாதவன் எவன் கீறான்? ஒத்துக்கினது இவ ஒருத்திதான்."

எனக்குக் கட் பண்ண மனசு வரவில்லை. படகு கரை ஏறும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஆபீஸுக்கு நாற்பது நிமிஷம் லேட்.