மூன்றாம் பாகத்தை நான் எரித்தேன்

என் செல்லத் தங்கச்சி சுகந்திக்கு,

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து இன்றைக்கு ஒன்பது நாள். வந்தவர்கள் எல்லாரும் ஒரே வசனத்தைச் சொல்லிச் சாப்பிட்டுப் போனார்கள். "கனக்கக் கஷ்டப்படாமல் போயிட்டாள், புண்ணியவதி." நீ கஷ்டப்பட்டாய். இழுப்பு முற்றி, மூச்சுக்கு வாய் பிளந்து, மூன்று நாள் கஷ்டப்பட்டாய். சண்டையால் மூடின பாதை திறந்தால்தான் மருந்து வரும் என்றார்கள். பாதை இன்னும் திறக்கவில்லை.

ஆனால் இதை நான் எழுதுவது ஒரு காதல் நாவலைப் பற்றிச் சொல்ல. சிரிக்காதே. நீ பாதியில் விட்ட அதே மாத நாவல்தான். அதை வாசித்து நான் நல்லூரில் கடை வாசலில் நின்று அழுதேன்.

எங்கள் வாடகைப் புத்தகக் கடைக்காரரின் வழக்கம் உனக்குத் தெரியும். படகில் கிளாலிக் கடலைத் தாண்டி ஒரு நாவல் வருவதே பெரும்பாடு. ஒரு பிரதிக்கு இருபது பேர் காத்திருப்பார்கள். ஆகவே அதை மூன்றாகப் பிரித்து, பழைய கலண்டர் மட்டை வைத்துத் தைத்து, வாடகைக்கு விடுவார். அரியாலையில் ஒரு வீட்டில் முதற்பாகம் ஓடும்போது அடுத்த ஒழுங்கையில் முடிவு ஓடும்.

இரண்டாம் பாகத்தை முடித்துவிட்டு நீ மூன்றாவதுக்காக இரண்டு கிழமை காத்திருந்தாய். கதையில் ஒருத்தி துபாய்க்குப் போனவனுக்காகக் காத்திருந்தாள். நீ ஜேர்மனிக்குப் போன ரவிக்காக, ஐந்து வருஷமாக. கடைசி எட்டு மாதம் அவனிடமிருந்து ஒரு வரி இல்லை. ரியூஷன் கொட்டிலில் சங்கப் பாடல் படிப்பிக்கிற எனக்கு உன்னையும் அந்த நாவல் நாயகியையும் பார்க்கப் பார்க்கச் சினமாக வந்தது.

உனக்கு இழுப்புத் தொடங்கிய அன்றைக்கு மழை. எரிக்க வைத்திருந்த தென்னம்பாளை நனைந்து அடுப்புப் பிடிக்கவில்லை. நீ ஆவி பிடிக்கச் சுடுதண்ணீர் வேண்டும். பக்கத்து வீட்டிலிருந்து காலையில் வந்த மூன்றாம் பாகம் கைக்கெட்டக் கிடந்தது. நாலு பக்கம் கிழித்தால் போதும் என்றுதான் தொடங்கினேன். பிறகு முழுவதையும் அடுப்புக்குள் வைத்தேன். பழைய ரியூஷன் கொப்பிகளும் அங்கே கிடந்தன, அவற்றைத் தொடவில்லை. அது எரிந்தது எனக்குத் திருப்தியாக இருந்தது.

பின்னேரம் நீ கேட்டாய்.

"அக்கா, மூண்டாம் பாகம் வந்ததாமே? எங்கை?"

"வந்தது. வாசிச்சுப்போட்டுக் குடுத்திட்டன்."

"நீங்களோ? நீங்கள் வாசிச்சனீங்களோ?" அந்த மூச்சுத் திணறலிலும் உனக்கு என்ன சந்தோஷம். "அவன் வந்தவனோ?"

"வரேல்லை. அங்கையே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு இருந்திட்டான். உவங்கள் எல்லாம் அப்பிடித்தான்."

நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். சுவரைப் பார்த்தபடியே, "ஓம், எனக்கும் தெரியும், அப்பிடித்தான் முடியும் எண்டு" என்றாய். அதோடு நீ விட்டிருக்கலாம். "ரவிக்கு ஒரு கடிதம் எழுதித் தாறீங்களோ, அக்கா? இனி எனக்காக இருக்கவேண்டாம் எண்டு எழுதுங்கோ. எனக்குக் கை நடுங்குது."

எழுதினேன். எவ்வளவு வடிவான கையெழுத்தில், எவ்வளவு அவசரமாக. நீ பெயரை மட்டும் போட்டாய். அடுத்த நாள் காலையில் கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். அது போய்ச் சேர்ந்திருக்கும். நல்ல சேதி உள்ள கடிதங்கள்தான் இங்கே வழியில் தொலைகின்றன.

உன் நன்மைக்குச் செய்ததாக இவ்வளவு நாளும் என்னையே ஏய்த்துக்கொண்டிருந்தேன். இல்லை, தங்கச்சி. எனக்கு முப்பத்தெட்டு வயது. எனக்காக எங்கிருந்தும் ஒருவனும் வரப்போவதில்லை. நீ ஒருவனை நம்பி அப்படிச் சந்தோஷமாகக் காத்திருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. பொறாமை என்று எழுதுகிறேன். எழுதவே கூசுகிறது.

போன கிழமை கடைக்குப் போய், மூன்றாம் பாகம் எங்கள் வீட்டில் தொலைந்துவிட்டது என்று அங்கேயும் ஒரு பொய் சொன்னேன்.

"அதுக்கென்ன, ரீச்சர். கொழும்பிலையிருந்து இன்னொண்டு முழுசா வந்திருக்கு. நாளைக்குத்தான் பிரிக்கப் போறன்" என்றார். நான் கையை நீட்டியதும் அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நீங்களும் உதுகள் வாசிக்கிறனீங்களோ?"

கடை வாசலில் சைக்கிளைச் சாத்தி வைத்துவிட்டு முடிவை மட்டும் புரட்டினேன். பக்கத்துக்குப் பத்து ஒற்றுப்பிழை. வசனமெல்லாம் அரைகுறை. அவன் வருகிறான், சுகந்தி. எந்த விளக்கமும் சொல்லாமல் படலையைத் திறந்து வந்து நின்று "பசிக்குது" என்கிறான். அவளும் ஒன்றும் கேட்காமல் போய்ச் சோறு போடுகிறாள். அவ்வளவுதான் முடிவு. இத்தனை பாட்டுக்கு உரை சொன்ன நான் அந்த ஒரு சொல்லில் உடைந்து போனேன். கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "அழுங்கோ ரீச்சர், அழுதால்தான் ஆறும்" என்றார். உன்னை நினைத்து அழுகிறேன் என்று நினைத்திருப்பார். நான் என்னை நினைத்துத்தான் அழுதேன்.

ரவி வந்திருப்பானா? தெரியாது. அந்த எட்டு மாதமும் அவன் எழுதவில்லையா, எழுதியது வரவில்லையா? அதுவும் தெரியாது. நீ செத்ததை அவனுக்கு யாரும் அறிவிக்கவில்லை. நீ எங்கேயோ உயிரோடு இருந்துகொண்டு தன்னை வேண்டாம் என்றுவிட்டாய் என்றுதான் அவன் இப்போது நினைத்துக்கொண்டிருப்பான்.

நேற்று அவனுக்கு எழுதிவிட்டேன். நீ போய்விட்டாய் என்றும், கடைசிவரை காத்திருந்தவள் நீ என்றும், அந்தக் கடிதத்தை எழுத வைத்தது என் பொய் என்றும் எழுதினேன். நாளைக்குக் கடல் தாண்டுகிற ஒரு அம்மாவிடம் கொடுக்கிறேன். அது போய்ச் சேராவிட்டால் இன்னொன்று எழுதுவேன், பிறகும் இன்னொன்று. அவன் என்னைத் திட்டி ஒரு வரி போடும்வரை விடமாட்டேன். அந்தத் திட்டை உன் படத்துக்கு முன்னால் நின்று, ஒரு சொல்லும் மாற்றாமல், உனக்கு உரத்து வாசித்துக் காட்டுவேன்.

உனக்கு முடிவை மாற்றிச் சொன்ன
உன் அக்கா