வயலின் இல்லாத தறி

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இது யார் கையில் கிடைத்தாலும் அப்பாவிடம் மட்டும் காட்ட வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணன் வினோத் மதியம் தூங்கும்போது அவன் போனில் நான் வீடியோ எடுக்கிறேன். நான் போனைத் தொட்டால் படிப்பு ப்ளஸ் ஒன்னோடு சரி என்று அப்பா சொல்லியிருக்கிறார். சொன்னால் செய்வார். அக்கா படிப்பு அப்படித்தான் நின்றது.

இன்று எங்கள் தறிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பேசின் வைத்து, அதில் போனை மல்லாக்கப் படுக்க வைத்தேன். நாங்கள் நெய்யும் பேண்டேஜ் துணி மேலே நகர, அதன் வழியே அம்மா முகம். கரண்ட் போனது. தறி நின்றது. அம்மா மூச்சு விடுவது கேட்டது. பாட்டு தேவைப்படவில்லை. அண்ணன் எழுவதற்குள் அழித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 23

பயம்.

ஆகஸ்ட் 30, சனி

அண்ணன் தன் குறும்படத்தை வீட்டில் காட்டினான். அதே துணி, அதே கோணம், அதே அம்மா. புதிதாக எடுத்திருக்கிறான். கரண்ட் போகும் இடத்தில் மட்டும் வயலின்.

தனியாக இருந்தபோது அவனே சொன்னான். “அழிச்சது முப்பது நாளு போன் குப்பைத்தொட்டியிலதான் கெடக்கும் ஏட்டி. பாத்தேன், பிடிச்சுது, அத மீட்டு வச்சிட்டு அதே மாதிரி நானும் எடுத்தேன். அப்பாட்ட சொல்லிருவமா?”

நானும் ஒன்றைப் பார்த்து எடுத்தவள்தான். டிவியில் பார்த்த ஒரு படத்தில் கொசுவலைக்குள் ஒரு தாய் படுத்திருப்பாள். அதைத்தான் நான் தறியில் தேடினேன். அந்த இயக்குநர் எதில் பார்த்தாரோ. அப்படியானால் அண்ணன் செய்தது தப்பா?

வயலின் தப்பு.

செப்டம்பர் 6, சனி

ஸ்ரீவில்லிபுத்தூரில் குறும்பட விழா. குடும்பத்தோடு போனோம். படம் முடிந்ததும் நடுவராக வந்த மேடம், கரண்ட் போகும் இடத்தில் வயலின் எதற்கு என்று கேட்டார்.

“அது இல்லேன்னா வெறும் மூச்சுச் சத்தம்தான மேடம்” என்றான் அண்ணன்.

“கரண்ட் போனா அந்த மூச்சு மட்டுந்தான் கேக்கணும். நான் அப்படித்தான் எடுத்தேன்.”

சொன்னது நான். பக்கத்தில் அப்பா.

அண்ணன் தலையைச் சொறிந்தான். “தங்கச்சி எடுத்ததப் பாத்துத்தான் மேடம் நான் எடுத்தேன்.” எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

ராஜபாளையம் பஸ்ஸில் ஊர் திரும்பினோம். இறங்கியதும் அப்பா அண்ணனிடம் கை நீட்டினார். “போனைக் குடுலே.”

என் படிப்பு அவ்வளவுதானா? என்னத்துக்குடா வாயத் தொறந்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பகல் முழுக்க அப்பா என்னைப் பார்க்கவில்லை. அம்மா சோறு போடும்போது மெல்லக் கேட்டாள், “எம் மூஞ்சி அம்புட்டு நல்லாவா இருந்துச்சு?”

ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. ஆனால் இப்போது கொட்டகைப் பக்கமிருந்து தறிச் சத்தம் வருகிறது — சின்னதாக, தகர டப்பாவுக்குள் ஓடுவது போல. நிற்கிறது. வயலின் வரவில்லை.

மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது. போன் அப்பாவிடம்தான் இருக்கிறது. நிற்கிறது. நான் எடுத்ததுதான்.

மறுபடியும்.

இப்போது அப்பாவின் செருப்புச் சத்தம். கதவைத் தட்டு—