சூடாக்காத கல்

அன்புள்ள குட்டிம்மா,

நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை போனில் வேலை எப்படிம்மா போகுது என்று கேட்டாய், போகுது என்று மட்டும் சொன்னேன். அன்று காலை ஆய்வகக் கூட்டத்தில் என் கணக்கு தப்பு என்று எல்லார் முன்னாலும் காட்டியதைச் சொல்லவில்லை.

பூமிக்குள் வெகு ஆழத்து அழுத்தத்தில் ஒரு கனிமத்தின் அணுக்கள் வேறு விதமாக அடுக்கிக்கொள்ளும் என்று கணினியில் கணக்குப் போட்டு ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பியிருந்தேன் இல்லையா, அதைக் கீழ்த்தளத்து வைரக்காரர் சோதித்தார். இரண்டு வைர முனைகளுக்கு நடுவே கல்லின் துகளை வைத்து நெரிப்பவர், அதனால் அந்தப் பெயர். கல் மாறவில்லை. மேடத்தோட கம்ப்யூட்டர்ல எது வேணும்னாலும் மாறும் என்றார், அறையே சிரித்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல், இல்லையென்றால் கட்டுரையைத் திரும்பப் பெறு என்றார் துறைத் தலைவர். சூடாக்கினீர்களா என்ற கேள்வி எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. குளிரில் அணுக்கள் இடம் மாறாது, ஞாயிற்றுக்கிழமை உன்னை எழுப்புவது மாதிரிதான். ஆனால் லேசரால் சூடாக்கினால் வைரம் விரிசல் விடலாம், அவரிடம் நல்ல ஜோடி அது ஒன்றுதான், சபையில் கேட்டு அவரை மாட்டிவிட மனம் வரவில்லை. இன்று தனியாகப் போய்க் கேட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் லென்ஸைத் துடைத்தார். பிறகு, "வைரம் போச்சுன்னா தலைவர்கிட்ட நீதாம்மா சொல்லணும்" என்றார். சரி என்றேன். நாளைக்குச் சூடாக்குகிறார்.

அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியாயிற்று, பேச முடியாததால் வீடு அமைதியாக இருக்கிறது. உன் அறைத்தோழி என் படத்தைப் பார்த்து உன் அக்காவா என்று கேட்டாளாமே, அதிலிருந்து அப்பா கண்ணாடி முன் நின்று தன் நரையைத் தேடுகிறார். விடுதி அறையில் ஈரச் சுவரிலிருந்து கட்டிலைத் தள்ளிப் போடு. கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. அம்மா கண்டுபிடித்தாள் என்று வகுப்பில் பெருமையடித்துக்கொண்டு திரியாதே, கொஞ்சம் பொறு. எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு கண்ணே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா

பி.கு.: தபாலில் சேர்க்காமல் வைத்திருந்ததால் இதையும் எழுதுகிறேன். வியாழன் மதியம் சூடாக்கினார். வைரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கல் மாறியது, ஆனால் நான் சொன்ன அடுக்குக்கு இல்லை, நாங்கள் இருவருமே நினைத்துப் பார்க்காத வேறொன்றுக்கு. வெள்ளிக்கிழமை காலை கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.