இடப்பக்கம் மட்டும் அளந்தது

ஜூன் 9, திங்கள்

எங்கள் பிளாஸ்டிக் சர்ஜரி துறை தன்னை மெச்சிக்கொள்ளத்தான் அளவெடுக்கிறது, நோயாளிக்காக அல்ல. காலையிலேயே புழுக்கம். ஸ்கேன் அறையில் ஏ.சி. ஓடவில்லை.

பூங்கொடி அக்கா வந்தார். திருச்செங்கோடு. கணவர் போர்வெல் போடும் ரிக் லாரிக்கு டிரைவர். புற்றுநோயால் இடது மார்பை எடுத்துப் புதிதாக அமைத்து, வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி அதில் நிரப்பியிருந்தோம். அதில் எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பது என் வேலை. ஒரு பங்கு கரைந்துவிடும், வழக்கமாக. முப்பரிமாணக் கேமராவோ வைத்தது அப்படியே இருக்கிறது என்கிறது.

எப்படி?

துறைத் தலைவர்: “பிரமாதம். ரெண்டாவது தடவை கொழுப்பு வெக்க வேண்டியதில்ல. கேஸை முடிச்சிரும்மா.”

அக்கா என்னிடம் மட்டும்: “ஏனுங்க, கண்ணாடில எடது சின்னதாத்தான் தெரியுது. பஸ்ஸுல முந்தானைய இழுத்து இழுத்துக் கையே வலிக்குதுங்க.”

ஜூன் 10, செவ்வாய்

சோப்பு, சாக்ஸ் வாங்க வேண்டும். அந்த ‘எப்படி’ விடவில்லை. அக்காவுக்கு போன். எடை கூடியதா?

“கூடாம என்னங்க டாக்டர். கொழுப்பு கரஞ்சிரும்னு நீங்கதானே சொன்னீங்க. அதையக் கேட்டு எங்க மாமியா தெனமும் கடலக்காயும் வெல்லமும் திங்க வெக்கறாங்க. வெச்சது வீணாப் போகக்கூடாதாமா.”

சிரித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. மார்பில் வைத்தாலும் அது வயிற்றுக் கொழுப்புதான். ஆள் பெருத்தால் அதுவும் பெருக்கும். கரைந்தது போக மிச்சம் ஊதி, இழப்பை மறைத்திருக்கிறது.

மதியம் பழைய படங்களைத் திறந்தேன். கேமரா இரண்டு பக்கத்தையும் பிடித்திருக்கிறது. வலப்பக்கத்தை ஒருவரும் அளக்கவில்லை. எந்த நோயாளிக்கும். அளந்தேன். அக்காவின் வலது நன்றாகவே பெருத்திருக்கிறது. அறுவை முடிந்தபோது சமமாக இருந்தவை இப்போது சமமில்லை. கண்ணாடி சரி. நாங்கள் தப்பு.

ஜூன் 12, வியாழன்

அக்காவை வரச் சொல்லியிருந்தேன். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, தலைவரிடம் இரு பக்க அளவையும் காட்டினேன். எரிச்சல் அவருக்கு.

“நாம வெச்ச பக்கத்தத்தான் நாம அளக்கணும். தின்னு பெருத்தா அது அவங்க பாடு. இந்த கேஸ் நம்ம வெற்றியா டாக்டர்கள் மாநாட்டுக்குப் போகுது.”

“ருசிக்குத் திங்கலீங்க,” என்றார் அக்கா. “கரையக்கூடாதுன்னு தின்னேன்.”

இரண்டாம் முறை கொழுப்பு வைக்கத் தேதி கேட்டேன். தலைவர் அடுத்த நோயாளிக்காக மணியை அடித்தார். கதவு திறந்தது. அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை.

“தேதி சொல்லுங்க சாமி.”