கேட்டுவிட்டுப் பெருமைப்படுங்கள்

9.2.1992

அன்புள்ள வாலு,

கணக்கு எழுதும் வேலையை விட்டுவிட்டேன், இனி இசைக்குழுதான் என்று நீ போட்ட கார்டு வந்தது. உன் அம்மா அதை இரண்டு தடவை படித்துவிட்டு என்னிடம் நீட்டி, "உங்க பொண்ணு" என்றாள். நீ நல்ல மார்க் வாங்கினால் அவள் பெண், வம்பை விலைக்கு வாங்கினால் என் பெண். இது உனக்குத் தெரிந்ததுதான்.

திட்டுவதற்காக எழுதவில்லை. சில சந்தேகங்கள் இருக்கின்றன. பேஸ் கிட்டார் என்கிறாய். நீ அனுப்பிய படத்தில் எண்ணிப் பார்த்தேன், நாலு கம்பிதான் இருக்கிறது. பக்கத்தில் நிற்கிற பையனுடைய கிட்டாரில் ஆறு. உனக்கு மட்டும் ஏன் குறைத்துக் கொடுத்தார்கள்? கடைக்காரன் தலையில் கட்டிவிட்டானா?

அப்புறம் அந்தப் பெயர். குழுவுக்கு 'உடைசல்' என்று பெயராம். குளிர்பானக் கம்பெனியில் இத்தனை வருஷமாக நின்று, ஓடுகிற பாட்டில்களில் கீறல் விட்டதைச் சத்தத்தை வைத்தே பிடித்து உடைசல் தொட்டியில் போடுகிறவன் நான். அப்பன் தூக்கிப் போடுவதைப் பொண்ணு பெயராக வைத்துக்கொள்கிறாள். ஷிப்டில் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதை அவர்களிடம் சொல்லவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அப்பா

2.3.1992

அன்புள்ள அப்பா,

கடைக்காரர் ஏமாற்றவில்லை. பேஸுக்கு நாலே கம்பிதான், ஒவ்வொன்றும் தடி தடியாக இருக்கும். மற்ற கிட்டார் மேலே நின்று கத்தும், இது கீழே நின்று உறுமும். டிரம்ஸ்காரரும் நானும் சேர்ந்து தரையைப் போட்டால்தான் மற்ற இரண்டு பேரும் அதன்மேல் நின்று ஆட முடியும்.

நாங்கள் வாசிப்பது பங்க் ராக். வேகமாக, சுருக்கமாக, கோபமாக இருக்கும். வாடகையை ஏற்றிவிட்டுக் குழாயைச் சரிசெய்யாத வீட்டுக்காரரைப் பற்றி ஒரு பாட்டு. சிரித்த முகமாக இருக்கச் சொல்லி அதட்டும் மேனேஜரைப் பற்றி இன்னொன்று. பாட்டுக்காரி என் ஆபீஸ் தோழிதான், இரண்டு பேரும் ஒரே நாளில் வேலையை விட்டோம். அந்த மேனேஜரும் ஒருவரேதான்.

டிரம்ஸ்காரருடைய மாமாவுக்கு டயர் கிடங்கு இருக்கிறது, பயிற்சி அங்கேதான். எவ்வளவு குளித்தாலும் தலைமுடியில் ரப்பர் வாசனை போவதில்லை. விரல் நுனியெல்லாம் கொப்புளம் வந்து, உடைந்து, இப்போது காய்த்துவிட்டது. தொட்டுப் பார்த்தால் உங்கள் உள்ளங்கை மாதிரியே இருக்கிறது. எனக்கு அதில் ரொம்பச் சந்தோஷம்.

அம்மா தான் வேலை பார்க்கும் மருந்துக்கடையிலிருந்து அனுப்பிய பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டுதான் வாசிக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். நீங்களும் வைத்துக்கொண்டால் என்ன? உங்கள் கம்பெனி பாட்டில் லைன் போடுகிற கூச்சலுக்கு எங்கள் கச்சேரி பக்கத்தில்கூட வராது.

உங்கள் வாலு

17.7.1994

அன்புள்ள வாலு,

கேசட் வந்து சேர்ந்தது. அட்டையில் உன் பெயரை மூன்றாவதாகப் போட்டிருக்கிறார்கள். எழுத்து பொடிசு, ஆனால் இருக்கிறது.

பஞ்சு எனக்குச் சரிப்படாது. காதை அடைத்துக்கொண்டால் கீறல் எப்படித் தெரியும்? ஓடுகிற ஒரு பாட்டிலின் சத்தம் லேசாக மாறினால் போதும், என் கை அங்கே போய்விடும். புதிதாக வந்த சூப்பர்வைசர் நான் மந்திரம் போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்தக் காதோடுதான் உன் கேசட்டையும் கேட்டேன்.

கத்தல் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் எல்லோரையும் தள்ளிவிட்டு ஒரு கம்பி மட்டும் மேலே மேலே ஏறிப்போய் அழுகிறதே, அங்கே எனக்குப் புல்லரித்துவிட்டது. கேன்டீனில் போட்டுக் காட்டினேன். அந்த இடம் வந்ததும், "இது என் பொண்ணு" என்றேன். கேன்டீன்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

அம்மா எல்லாம் ஒரே இரைச்சல் என்கிறாள். ஆனால் கடைக்கு வருகிறவர்களுக்கு மாத்திரையோடு உன் கேசட் சமாசாரத்தையும் சேர்த்தே கட்டிக் கொடுக்கிறாள்.

உன் அப்பா

1.8.1994

அன்புள்ள அப்பா,

கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

மேலே ஏறிப்போய் அழுவது நான் இல்லை. அது கிட்டார்காரன். நல்ல பையன்தான், நன்றாகத்தான் அழுகிறான். ஆனால் அவன் பாட்டுக்கு ஒரு தடவை வந்து அழுதுவிட்டுப் போகிறவன். நான் கீழே இருக்கிறேன் அப்பா. முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை ஓரிடம் விடாமல் இருக்கிறேன்.

எல்லோரும் அவனைத்தான் கேட்பார்கள், அது பழகிவிட்டது. நீங்களும் அவனைக் கேட்டுவிட்டு என்னைப் பாராட்டினால் மட்டும் தாங்கவில்லை. அவனுடைய பாராட்டை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

ஒன்று சொல்கிறேன். அந்தக் கேசட்டில் நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது. பதிவு செய்தவருக்குத் தெரியாது, பாட்டுக்காரிக்கும் தெரியாது. டிரம்ஸ்காரர் மட்டும் அப்போது என்னைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். எந்தப் பாட்டு, என்ன தப்பு என்று சொல்லமாட்டேன். கீறலைப் பிடிக்கிற காதுதானே? பிடியுங்கள். அதுவரை கேன்டீனில் என் பேச்சே வேண்டாம். கேட்டுவிட்டுப் பெருமைப்படுங்கள்.

உங்கள் வாலு

28.8.1994

அன்புள்ள வாலு,

டேப் ரிக்கார்டரில் காதை ஒட்டவைத்துக் கேட்டேன். லீவு போட்டுவிட்டும் கேட்டேன். கத்துகிறவள் இருக்கிறாள், அழுகிறவன் இருக்கிறான், தட்டுகிறவர் இருக்கிறார். நீ இல்லை.

கோபப்படாமல் யோசித்துப் பார். பதிவு செய்த அன்றைக்கு உன் பக்கத்து மைக்கைப் போட்டார்களா? மறந்திருக்கலாம், மனுஷர்கள்தானே. என் காது பொய் சொல்லாது. வேண்டுமானால் நான் கிளம்பி வந்து அந்த ஸ்டுடியோக்காரரிடம் பக்குவமாகப் பேசுகிறேன்.

உன் அப்பா

10.9.1994

அப்பாவுக்கு,

மைக்கைப் போட்டார்கள். யாரும் வந்து பேச வேண்டாம்.

வண்டியில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறோம். இருக்கிற இடத்திலிருந்து அம்மாவுக்கு போன் செய்கிறேன்.

மகள்

5.11.1999

அன்புள்ள வாலு,

நாம் எழுதிக்கொண்டு எவ்வளவு நாளாகிறது. நீ அம்மாவிடம் பேசுவதை அவள் எனக்குச் சொல்கிறாள், பாதியை விழுங்கிவிட்டுத்தான் சொல்வாள் என்பதும் எனக்குத் தெரியும்.

உங்கள் குழுவைப் பற்றிப் பேப்பரில் வந்திருக்கிறது. பெரிய அரங்கம், நிற்க இடமில்லை என்று எழுதியிருக்கிறான். படமும் போட்டிருக்கிறான். பாட்டுக்காரி நடுவில், கிட்டார்காரன் இந்தப் பக்கம். அந்தப் பக்கம் ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் தெரிகிறது. சின்ன வயசில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு அதில் இருக்கிறது. வெட்டி என் லாக்கர் கதவில் ஒட்டியிருக்கிறேன். கேட்கிறவர்களிடம், "அந்த முழங்கை என் பொண்ணுது" என்கிறேன்.

நீ சொன்னதை மறக்கவில்லை. இது பெருமை அடிப்பது இல்லை, தகவல் சொல்வது.

உன் அப்பா

14.6.2002

அன்புள்ள அப்பா,

முழங்கை விஷயத்தை அம்மாவும் சொன்னாள். பத்திரிகைக்காரர்கள் என்னை எப்போதும் ஓரத்தில்தான் வெட்டுவார்கள். அந்தக் கடிதத்துக்கு அப்போதே பதில் எழுதியிருக்க வேண்டும், எழுத வரவில்லை.

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. எல்லா வீட்டு ரேடியோவிலும் கேட்கிற பெரிய பாடகர் ஒருவர் என்னைத் தன் குழுவுக்குக் கூப்பிட்டார். தனி அறை, விமானம், மேடையில் போட்டுக்கொள்ள அவர்களே தைத்துத் தரும் உடை. ஒத்திகைக்குப் போனேன். அவருடைய மேலாளர் அருகில் வந்து, "கொஞ்சம் மெதுவா வாசிங்கம்மா, நீங்க இருக்கறது தெரியக்கூடாது" என்றார். பேஸைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டு வந்துவிட்டேன். எங்கள் குழு வண்டியில் ஏறியதும் டிரம்ஸ்காரர் எனக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்தார்.

போன வாரம் கச்சேரி முடிந்ததும் பள்ளிக்கூடப் பெண்கள் இரண்டு பேர் மேடை ஓரத்துக்கு வந்தார்கள். என்னைப் பார்த்துத்தான் பேஸ் வாங்கினார்களாம். கையைக் காட்டினார்கள், நுனியெல்லாம் கொப்புளம். உடையட்டும், அப்புறம் வலிக்காது என்றேன். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் படவில்லை.

இதையெல்லாம் உங்களிடம் போனில் சொல்லத்தான் ஆசை. ஆனால் நான் பேச ஆரம்பித்ததுமே ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். ஒரு வார்த்தை பேச முடியாத அளவுக்கு என்மேல் என்ன வருத்தம்? இருந்தால் நேராகச் சொல்லுங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்வது உங்கள் பழக்கம் இல்லையே.

வாலு

21.7.2002

அன்புள்ள வாலு,

உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மேலாளரிடம் சொல்லாமல் பெட்டியை மூடிக்கொண்டு வந்தாய் பார், அது ஒன்றே எனக்குப் போதும்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். என்னை லைனிலிருந்து எடுத்துவிட்டார்கள். கீறல் விட்ட பாட்டில்கள் என்னைத் தாண்டிப் போக ஆரம்பித்தன. முதலில் சூப்பர்வைசர் சொன்னபோது சண்டைக்குப் போனேன். பிறகு அவர் என் முன்னாலேயே ஒன்றைத் தட்டிக் காட்டினார். சுற்றி நின்றவர்கள் முகத்தைச் சுளித்தார்கள், எனக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது கம்பெனி வாசல் கேட்டில் உட்கார்ந்து லாரிகளுக்குச் சீட்டு கொடுக்கிறேன். அன்றைக்கு எனக்கு மானம் போய்விட்டது, அதனால்தான் உன்னிடம் சொல்லவில்லை.

அம்மா காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அந்த லைன் கூச்சல்தான் தின்றுவிட்டது என்றார். கண்ணாடிச் சத்தம், விசில், குருவி எல்லாம் முதலில் போகுமாம். பெண்கள் குரலும் சரியாகக் கேட்காதாம். அம்மா எதிரே நின்று பேசினால் வாயைப் பார்த்து ஒப்பேற்றிவிடுகிறேன். போனில் உன் வாயை எங்கே போய்ப் பார்ப்பது? பூச்சி பறக்கிற மாதிரி ஒரு சத்தம் வருகிறது, அது நீ என்று தெரிகிறது, என்ன சொல்கிறாய் என்று தெரியவில்லை. கேட்காமலே ஆமாம் போட மனசு வரவில்லை. நீதான் கேட்காமல் எதையும் செய்யாதே என்றவள் ஆயிற்றே.

உன் கடிதம் வந்த அன்று மத்தியானம் அந்தக் கேசட்டை எடுத்துப் போட்டேன். எதுவும் கேட்காது என்று தெரிந்தே போட்டேன். கிட்டார்காரன் எங்கேயோ பக்கத்துத் தெருவில் அழுதுகொண்டிருந்தான். பாட்டுக்காரி சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். அறைக்குள் ஒருத்தி மட்டும் நடந்துகொண்டிருந்தாள். தடதடவென்று, யாருக்கும் பயப்படாமல், நிற்காமல். நீ சின்னப் பிள்ளையில் மாடிப்படி இறங்கி வருவாயே, அதே நடை. டிரம்ஸ்காரர் கூடவே ஓடி வருகிறார் பாவம். எனக்கு உட்காரத் தோன்றவில்லை, நின்றுகொண்டே கேட்டேன். அம்மா வந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். "சும்மா இரு, பொண்ணு வந்திருக்கா" என்றேன். அவளும் நின்றுவிட்டாள்.

இத்தனை வருஷமும் நீ அங்கேதான் இருந்திருக்கிறாய். அவர்களெல்லாம் விலகினால்தான் எனக்குத் தெரியவேண்டும் என்று இருந்திருக்கிறது.

இன்னொன்று. நாலாவது பாட்டு. முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் எல்லோரும் சட்டென்று நிற்கிற இடம். அங்கே நீ மட்டும் ஓர் அடி கூடுதலாக வைத்துவிட்டு நின்றாய். சரிதானா? சரியென்றால் எழுது. போனில் சொல்லாதே.

உன் அப்பா

3.8.2002

என் அன்பான அப்பா,

சரி.

அந்த நாலாவது பாட்டேதான். நாலு பேரும் ஒன்றாக நிற்க வேண்டும். மூன்று பேர் நின்றார்கள், என் கை நிற்கவில்லை. கிட்டார்காரன் கையை எடுத்த பிறகும் கிட்டாரின் கீச்சுச் சத்தம் மட்டும் இழுத்துக்கொண்டே போய் அதை மூடிவிட்டது, அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை. உங்களுக்கு அந்தக் கீச்சு கேட்கவில்லை, என் அடி கேட்டிருக்கிறது.

கடிதத்தை வண்டியிலேயே சத்தமாகப் படித்தேன். டிரம்ஸ்காரர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். பிறகு, "உங்க அப்பாவை லைன்ல இருந்து எடுத்தவன் முட்டாள்" என்றார். நேற்று மேடையில் அந்த இடம் வந்தபோது வேண்டுமென்றே அந்த அடியை வைத்தேன். இனி எப்போதும் வைப்பேன். அழுதுகொண்டேதான் வைத்தேன், அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

அடுத்த மாதம் வீட்டுக்கு வருகிறேன், பேஸோடு. ஸ்பீக்கர் பெட்டியில் உங்கள் கையை வைத்துக்கொண்டு கேளுங்கள். பேச வேண்டியதையெல்லாம் எதிரே உட்கார்ந்து, வாய் தெரிகிற மாதிரி பேசுகிறேன்.

அதற்குள் நீங்கள் ஒன்று செய்ய வேண்டும். கேசட்டை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போங்கள். பெரிதாகவே வையுங்கள். கிட்டார்காரன் மேலே ஏறி அழும்போது எல்லோரும் வாயைப் பிளந்து அவனைத்தான் கேட்பார்கள், கேட்கட்டும். நீங்கள், "இது என் பொண்ணு" என்று சொல்லுங்கள். எந்த இடத்தில் சொன்னாலும் சரியாகத்தான் இருக்கும்.

உங்கள் வாலு